நாம் வணங்கும் சிலை எது?

தானியேல் நூலில் வரும் பொற்சிலையின் கதையை மறைக்கல்வி வகுப்பில் கேளாதவர் நம்மில் யார்? அறுபது முழ உயரம், ஆறு முழ அகலம். எக்காளமும் குழலும் யாழும் முழங்கியவுடன் எல்லாரும் விழுந்து வணங்க வேண்டும் என்பது நெபுகத்னேசர் மன்னனின் ஆணை. மறுப்பவர்க்கு எரியும் சூளை. சாத்ராக்கு, மேசாக்கு, ஆபேத்நெகோ என்னும் மூவர் மட்டும் நிமிர்ந்து நின்றனர். தீ அவர்களைத் தொடவில்லை என்பதிலேயே நம் மனம் நின்றுவிடுகிறது. அன்று விழுந்து வணங்கிய பெருங்கூட்டத்தை நாம் நினைப்பதே இல்லை. அவர்கள் அனைவருக்கும் அச்சிலையின் மேல் பக்தி இருந்ததா? இருந்திராது. பக்கத்தில் நின்றவர் குனிந்தார், தாமும் குனிந்தனர். அவ்வளவே.

இக்காலத்துச் சிலைகள் எவை? ஆண்டு மலரில் இத்தலைப்பில் எழுதுவோர் வழக்கமாகத் திரைப்பட நடிகர்களையும் கைப்பேசியையும் சாடுவார்கள். நாங்களும் சாடலாம், அருட்சகோதரியர் மகிழ்வார்கள். நடிகரின் படத்துக்குப் பாலை ஊற்றுவது அறிவீனம்தான். இரவு பதினொரு மணி வரை கைப்பேசியைத் தடவிவிட்டுக் காலைத் திருப்பலியில் கண்ணயர்வதும் தவறுதான். ஆனால் தோழியரே, இவையெல்லாம் சின்னச் சிலைகள். இன்று ஒரு நடிகர், நாளை வேறொருவர். வயது ஏற ஏறத் தாமே உடைந்து போகும். உடையாத சிலை ஒன்று நம் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அதற்குப் பொன் பூச்சும் இல்லை, பீடமும் இல்லை. அது நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, வருவோரிடம் "நீங்க என்ன ஆளு?" என்று கேட்கிறது. நேரே கேட்கக் கூச்சப்படுவோர், "ஊருல எந்தத் தெரு?" என்பார்கள். கேட்பவருக்கும் பொருள் தெரியும். பதில் சொல்பவருக்கும் தெரியும்.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்ட வேலை 2024-இல் முடிவுக்கு வந்தபின் பல குடும்பங்கள் மலையை விட்டு இறங்கின. எங்கள் தோழி ஒருத்தியின் குடும்பமும் அவற்றுள் ஒன்று. மலையில் வரிசையாகக் கட்டிய லயன் வீடுகள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். கீழே வந்து வாடகைக்கு வீடு தேடினார்கள். ஓர் ஊரில், வாசல் நிலைக்கு மேல் திரு இருதய ஆண்டவர் படம் மாட்டிய வீடு ஒன்று காலியாக இருந்தது. அவள் அம்மா படத்தைப் பார்த்ததும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாராம். வீட்டுக்காரர் அன்பாகப் பேசினார், தண்ணீர் கொடுத்தார், முன்பணம் எவ்வளவு என்றும் சொன்னார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். பதிலைக் கேட்டதும், "மகன் வெளியூரிலிருந்து வருகிறான், வீடு எங்களுக்கே தேவைப்படும்" என்றார். நம் தோழி இதை அழுதுகொண்டு சொல்லவில்லை. மதிய உணவு நேரத்தில் சாதாரணமாகச் சொன்னாள். அந்தச் சாதாரணம்தான் எங்களை உறுத்துகிறது.

விசுவாசத்தில் உறுதியாய் நிற்பது என்றால் வேற்று மதத்தார் நம்மைத் துன்புறுத்தும்போது அசையாமல் நிற்பது என்று மட்டும் நினைக்கிறோம். நம்மவர் நடுவிலேயே நிற்க வேண்டி வந்தால்? அதற்கு ஒரு புனிதர் நம் மாவட்டத்து மண்ணை மிதித்துச் சென்றிருக்கிறார்.

நட்டாலத்தில் 1712-இல் பிறந்தவர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் அலுவலராய் இருந்தார். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் மன்னரின் படைத்தலைவரான டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு நண்பரானார். வீட்டில் இழப்பு மேல் இழப்பு வந்து மனம் சோர்ந்திருந்த நீலகண்டனுக்கு டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பர். 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் நமது திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில், மக்கள் பரஞ்சோதி நாதர் என்று அழைத்த இயேசு சபைக் குரு புத்தாரியிடம் அவர் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்னும் பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார்.

இதோடு நின்றிருந்தால் அவரை ஒருவேளை விட்டிருப்பார்கள். அவரோ உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்னும் வேறுபாட்டை மதிக்கவில்லை. எல்லாரும் சமம் என்றார். எல்லாரோடும் கலந்து பழகினார். அதுதான் மேலோரைக் கொதிக்க வைத்தது. 1749-இல் கைதானார். எருமை மேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு, ஊர் ஊராய் இழுத்துச் சென்றார்கள். அடியும் மிளகாய்ப் பொடியும் மூன்றாண்டுத் துன்பமும் கடந்து, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் அவரே முதல் புனிதர். அதற்கு முன்பே, பெயரோடு ஒட்டியிருந்த "பிள்ளை" என்ற சாதிப் பட்டத்தை உரோமை நீக்கிவிட்டது. சாதியை விட்டு வந்தவரின் பெயரில் சாதி ஏறிக்கொண்டு இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் இறங்காமல் இருந்தது என்றால், அதைச் சூட்டி மகிழ்ந்தவர்கள் யார்? பகைவர்களா? பக்தர்களே அன்றோ!

வடக்கன்குளத்தின் கதை அதோடு முடியவில்லை. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே ஊரில், 1872-இல் எழுந்த ஆலயம் இரண்டு கைகளாகப் பிரிந்து பீடத்தருகே ஒன்று சேரும் வடிவில் கட்டப்பட்டது. ஒரு சாதியார் ஒரு பக்கம், மற்றவர்கள் மறு பக்கம், நடுவே சுவர். ஒரே அப்பம், ஒரே குரு. முழங்காலிடும் இடம் மட்டும் வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குருக்கள் அப்பிரிவினையை இடித்துத் தள்ளினர். உடனே ஒரு சாரார் வழக்குமன்றம் ஏறினார்கள். தனி இடம் எங்கள் உரிமை என்று சென்னை உயர்நீதிமன்றம் வரை வாதாடித் தோற்றார்கள். சுவரைக் காக்கக் காட்டிய ஊக்கத்தில் பாதியைச் செபமாலையில் காட்டியிருந்தால் எத்தனை ஆன்மாக்கள் கரையேறியிருக்கும்!

பழங்கதை என்று சொல்ல முடியுமா? நம் மணிமுத்தாறு அணை 1958-இல் கட்டி முடிந்தது. அதிலிருந்து புறப்படும் பெருங்கால்வாய் நாங்குநேரிப் பக்கத்து வயல்களுக்கும் நீர் தருகிறது. அந்த நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில், பட்டியலினத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை, அவரோடு படித்த மாணவர்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அவளும் பள்ளி மாணவி. ஏறத்தாழ எங்கள் வயது. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குக, மாணவர் கையில் சாதி காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை விதிக்குக என்றெல்லாம் பரிந்துரைத்தது. எந்த நிறம் யாருடையது என்பது நம் பேருந்தில் ஏறும் ஆறாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். கைப்பேசியில் சாதிப் பெருமைப் பாட்டு ஓடுகிறது. பக்கத்து இருக்கையிலிருந்து தலைகள் ஆடுகின்றன. இசை முழங்கியதும் குனிந்த கூட்டம் நினைவுக்கு வருகிறதா? சின்னச் சிலைகள் என்று சொன்னோமே, அவை இந்தப் பெரிய சிலைக்கு மேளம் அடிக்கும் வேலையைத்தான் செய்கின்றன.

இனி எங்கள் பெற்றோரிடம் ஒரு வார்த்தை, பணிவோடுதான். தாய் தந்தையை மதிக்கச் சொல்வது நான்காம் கட்டளை. அதை மீற எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் ஒரே கடவுளை மட்டும் வணங்கச் சொல்லும் கட்டளை முதலில் நிற்கிறது. "அந்தப் பிள்ளை வீட்டில் சாப்பிடாதே" என்று நீங்கள் சொல்லும்போது இரண்டும் மோதுகின்றன. ஞாயிறன்று அதே பிள்ளையோடு ஒரே வரிசையில் நற்கருணை வாங்க அனுப்புகிறீர்கள். ஆண்டவரின் பந்தியில் உட்காரலாம், அவள் அம்மாவின் பந்தியில் உட்காரக் கூடாதா? பதினைந்து வயதில் இதற்கு எங்களுக்கு விடை தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். அத்தைமாரும் சித்தப்பாமாரும் என்ன சொல்வார்களோ என்ற பயம் உங்களுக்கு இருப்பதும் புரிகிறது. ஊரோடு ஒத்து வாழத்தான் வேண்டும். ஆனால் நெபுகத்னேசரின் ஊரிலும் அதையே சொல்லித்தான் எல்லாரும் குனிந்திருப்பார்கள்.

தோழியரே, நம்மை யாரும் எருமை மேல் ஏற்றப்போவதில்லை. நமக்கு வரும் சோதனை மிகச் சிறியது. தோழி வீட்டுக்கு வந்து போன பிறகு, "அவ என்ன ஆளு?" என்று அத்தை கேட்பார். பொய் சொல்வதும் பாவம், உண்மை சொன்னால் அவள் அடுத்த முறை வர முடியாது. இதற்கு எங்கள் வகுப்பில் ஒரு வழி கண்டிருக்கிறோம். நாம் யாரையும் அதைக் கேட்பதில்லை. கேட்காததால், "தெரியாது அத்தை, நான் கேட்கலை" என்று மனச்சான்று உறுத்தாமல் சொல்ல முடிகிறது. அத்தை முகம் சுளிப்பார். சில நாள் பேசாமலும் இருப்பார். அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

அருட்சகோதரியருக்கு ஒரு விண்ணப்பம். தேவசகாயத்தின் திருவிழா நாளான ஜனவரி 14 எப்போதும் பொங்கல் விடுமுறையோடு சேர்ந்து வருவதால், பள்ளியில் கொண்டாட முடியாமல் போகிறது. கன்னியாகுமரிச் சுற்றுலா செல்லும்போது வடக்கன்குளத்தில் ஒரு மணி நேரம் இறங்கி, அந்தச் சுவர் நின்ற இடத்தில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பத்து மணி செபமாலை சொல்ல அனுமதி தாருங்கள். பேருந்தில் இடம் இருந்தால் பெற்றோர் சிலரையும் அழைத்துச் செல்லலாம்.