குளுக்கோஸ் நீர் உணவாகுமா?

திருவள்ளுவர் 'மருந்து' என ஓர் அதிகாரம் வகுத்து, அதன்கண் பெரும்பாலும் உண்ணும் முறையையே உரைத்துப் போந்தார். நம்மவரோ, நோயாளி பல நாள் உண்ணாது கிடப்பினும், "குளுக்கோஸ் ஏற்றியாயிற்று" என்று ஆறுதல் கொள்கின்றனர். அவ்வாறுதல் பிழைபட்டதென்பதே என் துணிபு.

கணக்கைச் சற்றே நோக்குவோம். நூற்றுக்கு ஐந்து பங்கு குளுக்கோஸ் கலந்த நீர் ஒரு லிட்டரில் உள்ள சர்க்கரை 50 கிராம். அது தரும் ஆற்றல் ஏறக்குறைய 170 கலோரி. மூன்று இட்டலிகள் தருவதும் அவ்வளவே. உடலின் நீர்க்குறையைத் தீர்க்க அது பயன்படும். தசையைக் காக்கும் புரதச் சத்தோ அதில் அணுவளவும் இல்லை.

குடல் செயலற்றார்க்கு இரத்தக்குழாய் வழியே முழு உணவும் அளித்தல் கூடும் என்பதை, 1960-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் டட்ரிக் என்பாரும் அவர்தம் துணைவரும், முதலில் நாய்க்குட்டிகளிடத்தும் பின்னர்ச் சிறுகுடல் பெரும்பாலும் அற்ற பச்சிளங் குழவியிடத்தும் மெய்ப்பித்தனர். அவ்வுணவில் அடர்ந்த குளுக்கோஸேயன்றி, புரதத்தின் கூறாகிய அமினோ அமிலங்களும், சோடியம், பொட்டாசியம், பாஸ்பேட் முதலிய உப்புகளும், வைட்டமின்களும், துத்தநாகம், செம்பு போன்றனவும் உண்டு. கொழுப்புக்கு வழி கண்டவர் ஸ்வீடன் தேசத்து விரெட்லிண்ட். அவர் சோயா எண்ணெயை முட்டை மஞ்சட்கருவின் லெசித்தின் துணைகொண்டு பால்போல் நீரில் கலக்கச் செய்தார். இத்தகைய அடர்ந்த கலவையைக் கையின் சிறு குழாய் தாங்காது. இதயத்தை அடுத்த பெருங்குழாயில்தான் செலுத்துதல் வேண்டும்.

இவற்றுள் மிகச் சிறிதென எண்ணத்தக்கது தயமின். நாளொன்றுக்குச் சில மில்லிகிராமே வேண்டும். தவிட்டோடு நாம் நீக்கிவிடும் சத்தும் இதுவே! இஃதின்றேல் உடல் சர்க்கரையைச் செவ்வனே எரிக்கமாட்டாது. இரத்தத்தில் லாக்டிக் அமிலம் பெருகும். தயமின் சேராத கலவை பெற்ற மூவர் அமெரிக்காவில் மாண்ட செய்தி 1989-இல் வெளியாயிற்று. 1997-இல் அந்நாட்டில் வைட்டமின் மருந்துக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, அதே கேடு மீண்டும் தலைகாட்டிற்று. குளுக்கோஸ் குறைவின்றிச் சென்றுகொண்டுதான் இருந்தது!

தமிழ் பயிலும் மாணவனாகிய எனக்கு இதில் சொற்பிழையும் புலப்படுகின்றது. சர்க்கரை நீருக்கும் முழு உணவுக்கும் "குளுக்கோஸ் ஏற்றுதல்" என ஒரே பெயர் வழங்குவதாலன்றோ உறவினர் மயங்குகின்றனர்? முன்னதை 'நீரேற்றல்' என்றும், பின்னதைக் 'குருதிவழி உணவு' என்றும் வழங்கலாம். குடல் தொழிற்படுங்கால் இவ்விரண்டினும் கஞ்சியே மேல். ஆதலின், பாட்டிலைத் தொங்கவிடுமாறு டாக்டரை வற்புறுத்துவோர், நோயாளி வாயால் உண்ணலாமா என்று முதற்கண் வினவுவாராக.