இரவு வாழ்க்கை என்றொரு சொல்

தமிழில் கடந்த சில ஆண்டுகளாக ஒரு பயணக் கட்டுரை வகை பெருகிவருகிறது. 2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்தபின் அது இன்னும் வேகம் பிடித்திருக்கிறது. புக்கெட் தீவு, பதோங் கடற்கரை, மாலையானதும் வாகனங்களை வெளியேற்றிவிட்டு விளக்கெரியத் தொடங்கும் பங்லா சாலை. இவற்றைப் பற்றி எழுதுபவர்களில் இரண்டு வகையினர் உண்டு. ஒருவர் கண்ணடித்துக்கொண்டே எழுதுவார். அவர் சொல்லாமல் விட்டதை வாசகன் ஊகித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் முகம் சுளித்துக்கொண்டே எழுதுவார். பண்பாட்டுச் சீரழிவு, நுகர்வு வெறி, மேற்கின் அழுகல் என்று பக்கங்கள் நீளும். இருவரும் நின்றது ஒரே தெருவில்தான். இருவரும் பார்க்கத் தவறியதும் ஒன்றையேதான் என்பது என் தரப்பு.

இதைச் சொல்ல உனக்கென்ன தகுதி என்று கேட்கலாம். நானும் போனவன்தான். கவரைப்பேட்டையில் கடை வைத்திருக்கிறேன். விற்பனை இலக்கை எட்டிய முகவர்களை ஒரு நிறுவனம் நான்கு நாள் சுற்றுலா அழைத்துச் சென்றது. கடல் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். பொய்யில்லை, கடலையும் பார்த்தேன்.

இரண்டாம் நாள் இரவு எங்கள் குழு ஒரு திறந்த மதுக்கூடத்தில் அமர்ந்தது. அங்கே வேலை செய்யும் பெண்களில் ஒருவர் என் எதிரே அமர்ந்து, வண்ண வில்லைகளைத் துளைகளில் போட்டு நான்கை வரிசையாக்கும் விளையாட்டை எடுத்து வைத்தார். ஐந்து ஆட்டமும் நான் தோற்றேன். உடைந்த ஆங்கிலத்தில் பேச்சு தொடங்கியது. ஊர் புரிராம். நெல் விளையும் ஊர், மழை பொய்த்தால் கடன். மகள் பாட்டியிடம் வளர்கிறாள். என் ஊரைக் கேட்டார். தொழிற்சாலைகள் நிறைந்த இடம் என்றேன். "இரவிலும் ஓடுமா?" என்றார். ஓடும் என்றேன். "இதுவும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வில்லைகளை மறுபடி அடுக்கினார். பக்கத்தில் என் நண்பர்கள் எதற்கோ சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்தச் சிரிப்புதான்.

புரிராம் இருப்பது தாய்லாந்தின் வடகிழக்கில், ஈசான் என்றழைக்கப்படும் பகுதியில். நாட்டின் வறிய பகுதி அது. வியட்நாம் போரின்போது அமெரிக்க விமானத் தளங்கள் உதோன், உபோன், கோராத் என அங்கேதான் பல இருந்தன. போர்வீரர்களை ஓய்வுக்காக தாய்லாந்துக்கு அனுப்பும் ஏற்பாடு 1967இல் முறைப்படி கையெழுத்தானது. வீரர்கள் போனபின் அவர்கள் இடத்துக்குச் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். புக்கெட்டோ அதுவரை ஈயத்தில் பிழைத்த தீவு. 1986 ஜூனில், சூழல் கெட்டுவிடும் என்று அஞ்சிய அத்தீவு மக்கள், திறப்பதற்குத் தயாராக இருந்த டான்டலம் ஆலை ஒன்றைக் கொளுத்தினார்கள். ஆலையை விலக்கிய தீவு கடற்கரையையே தன் ஆலையாக்கிக்கொண்டது. ஆக, அங்கே பொங்கி வழிவது ஆதி இச்சையும் அல்ல, கலியின் முற்றலும் அல்ல. போரும் வறுமையும் சந்தையும் சேர்ந்து அமைத்த ஒரு தொழில். அதற்கு ஷிப்டு உண்டு, கமிஷன் உண்டு, விடுப்பு எடுத்தால் பிடித்தமும் உண்டு.

கவரைப்பேட்டைக்காரனுக்கு இது புரியாமல் போகக் கூடாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இரவு ஷிப்டு ஏற்றிப்போகும் பேருந்துகள் எங்கள் நெடுஞ்சாலையில்தான் ஓடுகின்றன. உருக்காலைகளின் உலைக்கு முன் நிற்பவர்களில் பலர் பீகாரையும் ஒடிசாவையும் சேர்ந்தவர்கள். 2024 அக்டோபர் 11 இரவு மைசூர்–தர்பங்கா பாக்மதி விரைவு ரயில் எங்கள் ஊர் நிலையத்தில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியபோது ஊரின் பெயர் எல்லாச் செய்திகளிலும் வந்தது. சிக்னலைப் பற்றியும் தண்டவாளத்தைப் பற்றியும் நிறைய எழுதினார்கள். மைசூரிலிருந்து தர்பங்காவுக்கு அத்தனை பேர் ஏன் போகிறார்கள், ஏன் வருகிறார்கள் என்ற கேள்வி என் கண்ணில் படவில்லை. ஈசான் பெண்ணிடம் பதோங் கேட்காத கேள்வியும் அதுவே.

இரும்பாலையும் மதுக்கூடமும் ஒன்றா என்று ஒழுக்கவாதி சீறுவார். ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைத்தான் பேச வேண்டும் என்கிறேன். உலைக்கு முன் நிற்பவனுக்குத் தொழிலாளர் சட்டம் என்று காகிதத்திலாவது ஒன்று இருக்கிறது. தாய்லாந்தில் பாலியல் தொழில் 1960லிருந்தே சட்டவிரோதம். 1996ஆம் ஆண்டுச் சட்டமும் அதை மாற்றவில்லை. ஊரறிய நடப்பது ஏட்டில் குற்றம். ஆகவே அந்தப் பெண்ணுக்குக் காகிதப் பாதுகாப்புகூடக் கிடையாது. 1984 ஜனவரியில் புக்கெட் நகரின் விடுதி ஒன்றில் தீப்பிடித்தபோது உள்ளே அடைத்து வைக்கப்பட்டிருந்த ஐந்து பெண்கள் தப்ப வழியின்றிக் கருகினார்கள். அது தொழிலும் அல்ல, அடிமைத்தனம். 'இரவு வாழ்க்கை' என்ற மினுங்கும் சொல் இரண்டையும் ஒரே விளக்கொளியில் மறைத்துவிடுகிறது. முகச்சுளிப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. அசிங்கம் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் எதையும் கேட்க வேண்டியதில்லை அல்லவா?

அந்தப் பெண்கள் நம் இரக்கத்துக்காகக் காத்திருக்கவும் இல்லை. எம்பவர் என்ற அமைப்பு 1985 முதல் அங்கே பாலியல் தொழிலாளர்களின் உரிமைகளைப் பேசிவருகிறது. 2006இல் சியாங் மாயில் அவர்களே சேர்ந்து ஒரு மதுக்கூடம் திறந்தார்கள். வார விடுமுறையும் சமூகக் காப்பீடும் இருந்தால் அந்த இடம் எப்படி இருக்கும் என்று காட்டுவதே நோக்கம். நம் பயணக் கட்டுரைகளில் இதற்கு ஒரு வரிகூட நான் கண்டதில்லை.

மூன்றாவதாக ஒரு வகையினரும் உண்டு. விமானம் இறங்கியதும் கடாரத்தையும் ராஜேந்திரனையும் இழுத்துவருபவர்கள். புக்கெட்டுக்கு வடக்கே தக்குவா பாவில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது உண்மை. அது பேசுவது படையெடுப்பையா? இல்லை. ஒரு குளம் வெட்டியதையும், அது மணிக்கிராமத்தார் உள்ளிட்டோரின் காவலில் விடப்பட்டதையும். கடல் கடந்துபோன வணிகன் அங்கே ஒரு குளத்தை விட்டுவந்திருக்கிறான். அவன் வாரிசு என்று மார்தட்டுபவர் பங்லா சாலையில் விட்டுவருவது எதை?

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கடல் எல்லோருக்கும் பொது, களிப்பு பாவமும் அல்ல. ஆனால் எழுத உட்கார்ந்தால், அந்த இரவில் யார் வேலை செய்தார்கள் என்பதையும் எழுதுங்கள். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், விடிந்தபின் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். இதைக் கேட்காத பயணக் கட்டுரை விடுதியின் விளம்பரச் சீட்டுதான். அதில் நடை நன்றாக இருந்தால் சீட்டின் அச்சு நன்றாக இருக்கிறது, அவ்வளவே.

நேற்றிரவு கடையை மூடிவிட்டு நெடுஞ்சாலையோர டீக்கடையில் நின்றேன். ஷிப்டு முடிந்து இறங்கிய பையன் ஒருவன் இந்தியில் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தான். பல மாதமாக அவனைப் பார்க்கிறேன். எந்த ஊர் என்று கேட்டேன். அவன் சொன்ன பெயரை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.