தேர்ச்சி மதிப்பெண் சரியாக இருந்தால் மட்டும் போதுமா?

எம்.பி.பி.எஸ். முடித்து, பிரிட்டனில் பணியாற்ற பிளாப் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அதன் இரண்டாம் கட்டம் மான்செஸ்டரில் நடக்கும் செய்முறைத் தேர்வு. மொத்தம் 16 நிலையங்கள். ஒவ்வொன்றிலும் 8 நிமிடம். பெரும்பாலும் நோயாளியாக நடிப்பவரிடம் பேசி, விசாரித்து, முடிவு சொல்ல வேண்டும். "எவ்வளவு மார்க் எடுத்தால் பாஸ்?" என்று கேட்டால் பிள்ளைகளால் சொல்ல முடியாது. தேர்ச்சி மதிப்பெண் நாளுக்கு நாள் மாறும்.

இது குளறுபடியல்ல. தேர்வாளர் மதிப்பெண் போடுவதோடு, 'தேறுவார், தேறமாட்டார், இரண்டுக்கும் நடுவில்' என்று ஒட்டுமொத்தக் கணிப்பும் தருகிறார். நடுவில் நிற்பவர் எடுக்கக்கூடிய மதிப்பெண்ணைக் கணக்கிட்டே தேர்ச்சிக் கோடு போடப்படுகிறது. கேள்விகள் கடினமான நாளில் கோடு தாழும். எளிதான நாளில் உயரும். 50 என்று ஒரே எண்ணை வைப்பதைவிட இது நியாயமானது.

ஆனால் அந்தக் கணிப்பைச் செய்வது மனிதர்கள். பிரிட்டனின் பொதுநல மருத்துவர்களுக்கான செய்முறைத் தேர்வு பற்றி 2013ல் வெளியான ஆய்வு யோசிக்க வைத்தது. எழுத்துத் தேர்வில் பெற்ற மதிப்பெண்ணையும் கணக்கில் கொண்ட பிறகும், வெளிநாட்டில் படித்த வெள்ளையரல்லாதோர் மட்டுமல்ல, பிரிட்டனிலேயே படித்த சிறுபான்மை இனத்தவரும் முதல் முயற்சியில் அதிகம் தோற்றிருந்தனர். வெளிநாட்டுப் படிப்பைக் காரணம் காட்டி இதை ஒதுக்கிவிட முடியாது.

இந்திய வம்சாவளி மருத்துவர்களின் அமைப்பான பாப்பியோ நீதிமன்றம் சென்றது. 2014ல் தேர்வு சட்டப்படி சரியே என்று தீர்ப்பு வந்தது. ஆனாலும் இதை அந்த அமைப்பின் தார்மீக வெற்றி என்றே நீதிபதி குறிப்பிட்டார்.

நாம் கேட்பது சலுகை மதிப்பெண் அல்ல. நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அரைகுறைத் தேர்ச்சி யாருக்கும் வேண்டாம். பல பின்னணியிலிருந்தும் தேர்வாளர்கள் வேண்டும். அவர்களின் கணிப்புகள் தொடர்ந்து சரிபார்க்கப்பட வேண்டும். தோற்றவருக்கு எங்கே தவறினார் என்பது தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். இன வாரியான, படித்த நாடு வாரியான தேர்ச்சி விவரங்களை அந்நாட்டு மருத்துவக் கவுன்சில் வெளியிடுவது நல்ல தொடக்கம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்தத் தேர்வில் பிள்ளை தோற்றால் "படிக்கவில்லை" என்று சட்டென முடிவு கட்டாதீர்கள். நோயாளியின் பயத்தைக் கேட்டறிந்து, அவருக்குப் புரியும்படி பேசுவது பழகினால் வரும் திறமை. அதற்கு அவகாசம் கொடுங்கள்.