விலாசத்தில் ஒரு சொல்



புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகிற சாலையில் லேனாவிலக்கு முகாம். இன்னும் இரண்டு, தோப்புக்கொல்லையிலும் அறந்தாங்கிப் பக்கம் அழியாநிலையிலும். பல ஆண்டுகளாக இவை 'அகதிகள் முகாம்'. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. பெயர்தானே என்றார்கள் சிலர். விலாசத்தில் 'அகதிகள்' என்ற சொல்லை எழுதி எழுதி வளர்ந்த பிள்ளைக்குத்தான் அதன் கனம் தெரியும்.

ஆனால், இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் உள்ள சொல் மாறவில்லை. உரிய ஆவணமின்றிப் படகேறி வந்தவர் அதன் கணக்கில் இன்னமும் 'சட்டவிரோதக் குடியேறி'. 1987 ஜூன் 30-இல் மண்டபம் முகாமில் ஒரு பிள்ளை பிறந்திருந்தால் அது இந்தியக் குடிமகன். மறுநாள் பிறந்திருந்தால், தாய் தந்தையில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும்.

நம் சீமைக்கு இந்தக் கதை புதிதல்ல. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கு இங்கிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். 1948 மார்ச் 3-இல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அவர்கள் விட்டுப்போன அரசே இல்லாமல் போனது. அதே ஆண்டின் கடைசியில் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. அம்மக்களை யாரும் கேட்கவில்லை. அங்கே 'வடக்கத்தியான்' என்று ஏசப்பட்டவர்கள், இங்கே வந்திறங்கியதும் 'சிலோன்காரர்' ஆனார்கள். அரசுத் தாளில் மட்டும் 'தாயகம் திரும்பியோர்'. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்து முகாம்களில் இருப்பவர்களிலும் மலையகத் தோட்டத் தமிழர் வம்சாவளியினர் உண்டு. பாட்டன் புறப்பட்ட மண்ணுக்கே பேரன் அயலானாக வந்திருக்கிறான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' வழியாகத்தான் நம்மில் பலர் தேயிலைத் தோட்டத்தை முதன்முதலாகப் பார்த்தோம். லேனாவிலக்கை அப்படிப் பார்க்க நம் கையில் என்ன இருக்கிறது? மனு இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. அவர்கள் தாங்களே சொன்ன கதை அதிகம் இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியடியில் பழைய சிலோன் கடிதமோ, மண்டபம் முகாமில் கொடுத்த தாளோ இருந்தால், அதன் கதையை எழுதுங்கள். முகாமில் இருக்கும் அம்மாக்கள், ஐயாக்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதி அனுப்பட்டும். அஞ்சலட்டையில் நாலு வரி போதும். எழுத்துப்பிழையைப் பற்றிக் கவலை வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்