உப்பு வயலுக்கு ஒற்றை மரபணு போதாது

"ஒரு மரபணுவைச் சேர்த்தால் போதும், உப்பு நிலத்திலும் நெல் விளையும்." வேளாண் மேடைகளிலும் அறிவியல் துணுக்குகளிலும் ஆண்டுக்கணக்கில் இதைக் கேட்டுச் சலித்துவிட்டது. உவர் வயலில் நட்டுப் பதரை அறுத்த விவசாயிக்கு இது ஆறுதல்கூட இல்லை, ஏமாற்று.

உப்பைத் தாங்கும் மரபணு கிடைத்துவிட்டது என்கிறார்கள். எது? எஸ்ஓஎஸ்1 வேரிலிருந்து சோடியத்தை வெளியே தள்ளுகிறது. என்ஹெச்எக்ஸ்1 உள்ளே புகுந்ததைச் செல்லின் நுண்குமிழுக்குள் அடைத்துவைக்கிறது. 2005-இல் நோனா போக்ரா நெல்லில் அடையாளம் காணப்பட்ட எஸ்கேசி1, இலைக்கு ஏறும் சாற்றிலிருந்து சோடியத்தைத் திரும்ப இழுக்கிறது. மூன்று இடம், மூன்று வேலை. உப்பு மண்ணில் வேர் தண்ணீர் உறிஞ்சத் திணறுகிறதே, அது இவற்றுக்கு அப்பாற்பட்ட இன்னொரு சிக்கல்.

மரபணு சேர்த்து உப்புநீரில் காய்க்கவைத்த தக்காளியைக் காட்டுகிறார்கள். 2001-இல் வந்த அந்தச் செடி கண்ணாடிக்கூடத்தில் வளர்ந்தது. அதற்கு ஊற்றிய நீரின் உப்பு கடல்நீரில் பாதிகூட இல்லை.

உப்பு வயலில் 25 விழுக்காடு கூடுதலாக விளைந்த ஆஸ்திரேலிய டியூரம் கோதுமையைச் சொல்கிறார்கள். உப்பால் ஏற்கெனவே குறைந்துபோன மகசூலின் மேல் வந்த 25 அது.

குளிருக்கும் இதே பேச்சு. சிபிஎஃப் மரபணுக்கள் உறைபனியைத் தாங்க உதவுவது உண்மை. அவற்றை எந்நேரமும் முடுக்கிவைத்தால் செடி குட்டையாகிப்போகிறது என்பதை யாரும் மேடையில் சொல்வதில்லை.

இவர்கள் அடிக்கடி சான்று காட்டும் கேரளத்துப் பொக்காளி நெல்லே இவர்களுக்கு எதிர்ச்சான்று. அதன் முதல் குரோமோசோமில் உள்ள, உப்பைத் தாங்க உதவும் சால்டால் பகுதி உலகப் புகழ் பெற்றது. ஆனால் அது பெரிதும் காப்பது நாற்றுப் பருவத்தைத்தான். பூக்கும் பருவத்தில் நெல் மறுபடியும் உப்புக்கு அஞ்சும். அப்போது உப்பேறினால் கதிர் பதராகும். ஆலப்புழை, எர்ணாகுளம், திருச்சூர்க் கரையோர விவசாயிகள் இதை அறிந்தவர்கள். மழைக்கு முன்பே வரப்பைப் பலப்படுத்தி, வயலை வடித்து, மண்ணைச் சிறு மேடுகளாகக் குவிக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை அந்த மேடுகளின் உப்பைக் கழுவி இறக்குகிறது. அதன் பிறகே முளைகட்டிய விதையை மேட்டின் தலையில் தூவுகிறார்கள். நாற்று ஒரு மாதம் வளர்ந்ததும் மேட்டை வெட்டி, மண்ணோடு வயலெங்கும் பரப்புகிறார்கள். மழை ஓய்ந்து ஓதநீர் ஏறும் காலத்துக்குள் கதிரை அறுத்துவிடுகிறார்கள். உப்பு மாதங்களில் அதே வயலில் இறால் வளர்கிறது. உலகின் பேர்பெற்ற உப்புத்தாங்கி நெல்லை வைத்திருப்பவர்களே உப்பு இறங்கும்வரை காத்திருந்துதான் விதைக்கிறார்கள். மரபணு மட்டும் போதுமென்றால் மேடு எதற்கு, மழைக்கு ஏன் காத்திருக்க வேண்டும்?

நாகப்பட்டினத்துக்கு இது புதிய பாடம் அல்ல. 2004 சுனாமி புகுந்த வயல்களை மீட்டது மழையும் வடிகாலும் பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டும்தான்.

மரபணு ஆய்வு தேவை, அது தொடரட்டும். ஆனால் விதைப் பையை மட்டும் நீட்டி, தூர்ந்த வடிகாலை அப்படியே விட்டுவிட்டு, விளையவில்லை என்றால் விவசாயியைக் குறை சொல்லும் திட்டம் வேண்டாம். உப்புத்தாங்கும் விதை தருகிறவர்கள் உப்பு வெளியேற வழியும் வெட்டித் தர வேண்டும்.