பதிவேட்டில் கையெழுத்து மட்டும்

எருத்தேன்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இரண்டு புலம்பல்கள் காதில் விழும். கேரளத்துக்காரர்கள் நம்மைக் கண்டுகொள்வதில்லை என்பது ஒன்று. தமிழ்நாட்டுக்காரர்கள் நம்மை மறந்தே போய்விட்டார்கள் என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நமக்கென்று சட்டத்தில் எழுதிவைத்ததை நாம் என்ன செய்தோம் என்று மட்டும் எந்தக் கடையிலும் யாரும் கேட்பதில்லை.

தமிழர்களான நாம் இருக்கும் இந்தச் சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது. 1949இல் திருவிதாங்கூர்-கொச்சிக்குள் வந்தது. 1956 நவம்பர் 1 அன்று கேரளமானது. எல்லைப் போராட்டம் நடந்ததெல்லாம் தெற்கே. மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் சேர்த்தே தமிழ்நாட்டுக்குக் கேட்டது. அவை இரண்டும் கேரளத்திலேயே நின்றன. மாநிலக் கோடு போட்டவர்கள், கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்கிறவர்களையும் யோசித்தார்கள். அதே 1956இல், ஏழாவது திருத்தத்தின் மூலம், அரசியலமைப்பில் 350ஏ, 350பி என்று இரண்டு பிரிவுகள் சேர்ந்தன. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது முதலாவது. அந்தப் பாதுகாப்புகளைக் கண்காணித்துக் குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தர ஒரு தனி அதிகாரியை நியமிக்கச் சொல்கிறது இரண்டாவது. குறையைச் சொல்லி எழுதும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்ற 350ஆம் பிரிவு அதற்கு முன்பே இருந்தது.

இந்த 350ஐ நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று பார்க்க, அரசு விண்ணப்பங்களைத் தட்டித் தரும் அக்ஷயா சென்டர் வாசலில் பத்து நிமிடம் நின்றால் போதும். எல்லைக்கல் தகராறோ, பென்ஷன் நின்றுபோனதோ, நம்மவர் தமிழில் மூச்சு விடாமல் சொல்வார். உள்ளே இருக்கும் பையன் மலையாளத்தில் தட்டுவான். பிரிண்ட் வரும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இவருக்கு வாசிக்கத் தெரியாது. கீழே தமிழில் கையெழுத்துப் போட்டுக் காசு கொடுத்துவிட்டு வருவார். பதில் வந்தால் அதை வாசிக்க மறுபடியும் அதே பையன். பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவன் தன் வேலையைச் செய்கிறான். தமிழிலேயே ஒன்று எழுதித் தபாலில் போட்டால் என்ன என்று நம்மில் யாருக்கும் தோன்றுவதில்லை. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு இந்த வழியைத் திறந்தே வைத்திருக்கிறது: தலைமைச் செயலகத்துக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களுக்கும் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும்.

இதைவிடப் பெரிய அலட்சியம் கிராம சபையில். மாநிலக் கணக்கில் நாம் சிறுபான்மை. நம் வார்டுக் கணக்கில் அப்படி இல்லை. நாலு பேர் கூடினால் தமிழில் பேசி முடிவெடுக்கக் கூடிய ஒரே இடம் அதுதான். 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி வந்த 1994ஆம் ஆண்டு கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம் வார்டு தோறும் கிராம சபை வைத்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு வர வேண்டும். 1996இல் தொடங்கிய மக்கள் திட்டம் பணத்தையும் கீழே இறக்கியது. நாம் எப்போது போகிறோம்? ஆடு, கோழிக்குஞ்சு, தென்னைக்கு உரம், வீட்டுப் பட்டியல் என்று ஏதாவது இருந்தால் போகிறோம். நம் பெயர் வாசித்ததும் எழுந்து வந்துவிடுகிறோம். குடும்பஸ்ரீ பெண்களும் தொழிலுறுதி வேலைக்காரர்களும் வந்து கணக்கை நிரப்புகிறார்கள். ஆண்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் அரசியல் பேசுகிறார்கள். தீர்மானத்தை வாசிக்கும்போது உள்ளே யார் இருந்தார்கள் என்று கேட்டால் பாதிப் பேர் வெளியே கையைக் காட்ட வேண்டியிருக்கும்.

இந்தக் கீழ்மட்ட அதிகாரத்துக்கு எவ்வளவு பலம் என்று தெரிந்துகொள்ள நாம் தூரம் போக வேண்டாம். அதே சித்தூர் வட்டாரத்தில் பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடை. கோகோ கோலா ஆலை வந்து நிலத்தடி நீரை உறிஞ்சியபோது, 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் உட்கார்ந்தவர்கள் ஆதிவாசிகள். எரவாளர் சமூகத்து மயிலம்மாவை நாடே பிறகு அறிந்தது. 2003இல் பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு உயர்நீதிமன்றம் ஏறியது, தீர்ப்பு இப்படியும் அப்படியும் திரும்பியது. ஆனால் 2004 மார்ச்சில் நின்ற ஆலை பிறகு ஓடவில்லை. பள்ளிக்கூட வாசலை அதிகம் மிதிக்காதவர்கள் அதைச் செய்தார்கள். நாம் அதைப் பேப்பரில் வாசித்தோம்.

நம் தண்ணீருக்கு என்ன செய்தோம்? 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்கு வர வேண்டும். முப்பது ஆண்டுக்கு ஒரு முறை ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்யலாம் என்று அதிலேயே இருக்கிறது. தென்னை காயும் வருஷம் மட்டும் இந்த எண் நமக்கு ஞாபகம் வரும். மற்ற வருஷங்களில் பக்கத்துத் தோட்டத்துக்காரரைவிட இருநூறு அடி ஆழமாக போர் போடுவதில்தான் நம் சாமர்த்தியமெல்லாம்.

பள்ளிக்கூடக் கதையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. தமிழ் மீடியத்தில் பிள்ளைகள் குறைந்தால் வாத்தியார் போஸ்ட் போகும். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியம் வேனில் ஏற்றிவிட்டு, போஸ்ட் போனதற்குத் திருவனந்தபுரத்தைத் திட்டுகிறோம். 2021இல் தேவிகுளம் எம்எல்ஏ தமிழில் உறுதிமொழி எடுத்த வீடியோவை வாட்ஸப்பில் எத்தனை பேர் அனுப்பினோம்! அனுப்பியவர்களில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளை அந்த உறுதிமொழியைத் தமிழில் எழுத்துக்கூட்டி வாசிக்கும்?

மலையாளத்தையாவது ஒழுங்காகப் படித்தோமா என்றால் அதுவும் இல்லை. பல வருஷமாக அரசு உத்தரவுகள் அந்த மொழியில் வந்துகொண்டிருக்கின்றன. வாசித்துச் சொல்ல இன்னும் ஆள் தேடுகிறோம்.

“தமிழில் கொடுத்தால் ஆபீஸில் வாங்க மாட்டார்கள்” என்று நம்மில் பலர் சொல்வார்கள். வாங்காமலும் போகலாம். அப்படி வாங்க மறுத்தால் எழுதித் தரச் சொல்லி, அதை இணைத்து மேலே அனுப்ப வழி இருக்கிறது. 350பி சொன்ன அந்தத் தனி அதிகாரியின், அதாவது மொழிச் சிறுபான்மையினருக்கான ஆணையரின், அலுவலகம் 1957இலிருந்து இருப்பது அதற்குத்தான். ஆனால் மறுத்தார்கள் என்று காட்ட நம் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது, கொடுத்திருந்தால்தானே மறுப்பதற்கு.