எல்லாப் பாதைக்கும் ஒரே சைக்கிள்

சைக்கிளோட்டத்தில் பழகிய யாழ்ப்பாணத்தார் பலர் இன்றும் மதிப்பது பழைய 28 அங்குலச் சைக்கிளைத்தான். கியர் இல்லை, பாரமும் அதிகம். ஆனாலும் பெரிய சில்லு குண்டு குழிகளை எளிதில் தாண்டும். இரும்புச் சட்டம் ஆளையும் மூட்டையையும் சேர்த்துத் தாங்கும். 1990களில் பெற்றோல் கிடைக்காத நாட்களில் குடாநாட்டைச் சுமந்தது அதுதான். 1995 ஒக்டோபர் 30இல் மக்கள் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்குப் புறப்பட்டபோது, எத்தனையோ வீடுகளின் உடைமைகள் அதன் கரியரில்தான் ஏறின.

குறைகளும் உண்டு. மணற்காட்டு மணலில் டயர் புதையும். இறங்கித் தள்ளத்தான் வேண்டும். சோழகக் காற்றுக்கு எதிரே மிதிப்பதும் கடினம். எல்லாவற்றிலும் முக்கியம் பிரேக். கம்பி பிரேக்கின் ரப்பர் கட்டை ரிம்மைப் பிடித்தே வண்டியை நிறுத்துகிறது. மழையில் இரும்பு ரிம் நனைந்தால் கட்டை வழுக்கும். வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும்.

நீங்கள் எவ்வளவு பழகியவராயினும், பிள்ளையைப் பின்னால் ஏற்றிச் செல்லும்போது இதை மறந்துவிடாதீர்கள். மழையென்றால் சந்திக்கு வெகு முன்பே வேகத்தைக் குறையுங்கள். பிரேக்கை இடையிடையே மெல்லப் பிடித்து ரிம்மின் நீரை வழித்துவிடுங்கள். தேய்ந்த கட்டையை இன்றே மாற்றுங்கள். கட்டையின் விலை சொற்பம். பிள்ளைக்கு விலை ஏது?